டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதாமல் விட்டது என்ன?

(மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கூலி உயர்வு, பஞ்சப்படி, போனஸ் என்று பேசத்தான் நாம் வழக்கமாக இங்கே கூடுகிறோம். இன்று மருந்தைப் பற்றிப் பேசப்போகிறோம். "சங்க மேடையில் வைத்தியம் எதற்கு?" என்று பின்வரிசையில் சில தோழர்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது. கேட்க வேண்டிய கேள்விதான். பதிலையும் கேளுங்கள்.

மருந்து இன்னும் கண்டுபிடிக்கப்படாத வியாதியால் ஒருவன் செத்தால் நாம் அழலாம். யாரிடமும் கணக்குக் கேட்க முடியாது. ஆனால் மருந்து கண்டுபிடித்து, பல தேசங்களில் ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்குக் கொடுத்துப் பரீட்சித்து, "இதைக் கொடுங்கள், உயிர் பிழைக்கும்" என்று வைத்திய சங்கங்கள் புத்தகம் போட்டுச் சொன்ன பிறகும் அந்த மருந்து நோயாளியின் சீட்டில் எழுதப்படவில்லை என்றால்? அந்தச் சாவுக்குக் கணக்குக் கேட்கலாமா, கூடாதா? கேட்கலாம் என்பதுதான் எங்கள் அபிப்பிராயம். அதற்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் இந்தப் பேச்சு.

வியாதியின் பெயர் இருதயச் செயலிழப்பு. பெயரைக் கேட்டதும் இருதயம் நின்றுபோய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். மாரடைப்பும் இதுவும் ஒன்றல்ல. இருதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகிற குழாய் திடீரென்று அடைத்துக்கொள்வது மாரடைப்பு. அதிலிருந்து பிழைத்தவர்களில் பலருக்கு இருதயத் தசையில் ஒரு பகுதி செத்துப்போயிருக்கும். மிச்சமுள்ள தசை முழுப் பாரத்தையும் சுமந்து சுமந்து தளர்ந்துபோகும். பல வருஷம் கவனிக்காமல் விட்ட ரத்தக் கொதிப்பினாலும் இது வரும். சர்க்கரை வியாதியால் வரும், சாராயத்தால் வரும், சிறுவயதில் மூட்டுவலிக் காய்ச்சல் வந்து வால்வு கெட்டுப்போனவர்களுக்கும் வரும். பிள்ளை பெற்ற சில தாய்மார்களுக்குக்கூட வருகிறது; "பிரசவக் களைப்பு" என்று வீட்டில் சொல்லி விட்டுவிடுகிறோம்.

எந்த வழியாக வந்தாலும் முடிவு ஒன்றுதான்: பம்பு பலவீனமாகிவிடுகிறது. கிணற்று மோட்டாரின் வேகம் குறைந்தால் கடைமடை வயலுக்குத் தண்ணீர் ஏறாது என்பது விவசாயத் தோழர்களுக்குத் தெரியும். உடம்பிலும் அப்படியே. ரத்தம் முன்னே போய்ச் சேராமல் பின்னே தேங்குகிறது. நுரையீரலில் நீர் கோத்து, படுத்தால் மூச்சு முட்டுகிறது. நடுராத்திரியில் எழுந்து திண்ணையில் உட்கார்ந்து மூச்சு வாங்குகிறான். காலில் வீக்கம், விரலால் அமுக்கினால் குழி விழுகிறது. வரப்பில் நாலு எட்டு வைத்தால் இளைப்பு.

நல்ல இருதயம் ஒவ்வொரு துடிப்பிலும் இடது அறையில் உள்ள ரத்தத்தில் சுமார் 55 முதல் 70 சதவீதம் வரை வெளியே தள்ளும். எக்கோ பரிசோதனையில் இந்த எண் தெரிந்துவிடும். 40 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்தால் பம்பு வெகுவாகத் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். இந்தக் கூட்டத்தில் பெரும்பாலும் இவர்களைப் பற்றித்தான் பேசுகிறோம். பம்பும் எண்ணும் சரியாக இருந்தும் தசை விறைத்துப்போய் நீர் கோக்கிற இன்னொரு வகை உண்டு. அதற்குச் சிகிச்சை கொஞ்சம் வேறு.

மூச்சு திரும்பியது, வியாதி போகவில்லை

ஸ்பின்னிங்கில் இருபத்தைந்து வருஷம் வேலை பார்த்த தோழர் ஒருவரை உங்களில் பலருக்குத் தெரியும். பெயர் வேண்டாம். நைட் ஷிப்டில் மூச்சு முட்டி விழுந்தார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். பிராணவாயு வைத்தார்கள், நீர் பிரியும் ஊசி போட்டார்கள். ஐந்தாம் நாள் வீக்கம் வற்றிவிட்டது, படுத்துத் தூங்கினார். ஆறாம் நாள் டிஸ்சார்ஜ். சீட்டில் எழுதியிருந்தது நீர் மாத்திரை, ஒரு சத்து மாத்திரை, "உப்பைக் குறைக்கவும்". மூன்றாம் மாதம் மறுபடி அதே ஆஸ்பத்திரி, அதே ஊசி, ஏறக்குறைய அதே சீட்டு. மூன்றாவது தடவை போனவர் திரும்பவில்லை.

இதில் முடிச்சு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நீர் மாத்திரை, அதாவது ஃபுரோசமைடு, நல்ல மருந்துதான். மூச்சு முட்டும் நேரத்தில் அதைவிட உடனடியாக உதவுவது வேறில்லை. ஆனால் அது வயலில் தேங்கிய தண்ணீரை வடிக்கிறது, மோட்டாரைத் தொடுவதில்லை. நோயாளிக்குச் சுகம் தெரிகிறது, குடும்பத்துக்குத் திருப்தி, டாக்டருக்கும் கட்டில் காலியாகிறது. உயிரை நீட்டிக்கிற மருந்துகளோ வேறு. அவை சாப்பிட்ட அன்றே எந்தச் சுகத்தையும் காட்டா. ஆகவே அவற்றைக் கேட்பாரும் இல்லை.

அவை நான்கு குடும்பங்கள். ஒரு உவமை சொல்லி விளக்குகிறோம். இளைத்த மாடு ஒன்று பாரவண்டியை மேட்டில் இழுக்கிறது. வண்டிக்காரன் தார்க்குச்சியால் குத்துகிறான். மாடு நாலடி விரைந்து வைக்கும், அடுத்த மேட்டில் படுத்துவிடும். தளர்ந்த இருதயத்தை நம் உடம்பே இப்படித்தான் நடத்துகிறது. ரத்தம் போதவில்லை என்றதும் இருதயத்தை விரட்டுகிற ரசங்களைச் சுரக்கிறது. ரத்தக் குழாய்களைச் சுருக்கிப் பாதையை இன்னும் மேடாக்குகிறது. போதாததற்கு உப்பையும் நீரையும் பிடித்துவைத்து வண்டியில் மூட்டையை ஏற்றுகிறது.

எனாலாபிரில், ராமிபிரில் வகை மருந்துகள் சுருங்கிய குழாய்களைத் தளர்த்தி மேட்டைச் சமமாக்குகின்றன. (இந்தக் குடும்பம் பிறந்த கதை வேடிக்கையானது. பிரேசில் நாட்டு விரியன் பாம்பு ஒன்றின் விஷத்தை ஆராய்ந்ததில் கிடைத்த தடயம் அது. வயல் வேலையில் பாம்புக்குப் பயந்து வாழ்கிற நமக்கு அந்த ஜாதியால் இப்படியும் ஒரு நன்மை!) பைசோபிரோலால், கார்வெடிலால், மெட்டோபிரோலால் வகை மருந்துகள் தார்க்குச்சியைப் பிடுங்கிவிடுகின்றன. ஸ்பைரோனோலாக்டோன் உப்பைப் பிடித்துவைக்கும் ரசத்தை மறித்து, இருதயத் தசை தழும்பேறிப் போவதையும் தடுக்கிறது. நான்காவது குடும்பம் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின். சர்க்கரை வியாதிக்கென்று வந்தவை. 2019ல் 4,744 நோயாளிகளிடம் நடந்த பரீட்சையின் முடிவு வெளியானபோது, சர்க்கரை இல்லாதவர்களுக்கும் இவை தளர்ந்த இருதயத்தைக் காக்கின்றன என்பது நிரூபணமாயிற்று.

சும்மா சொல்லவில்லை, கணக்கு இருக்கிறது. 1987ல் முடிவு வெளியான ஒரு பரீட்சையில், ஸ்வீடன், நார்வே, பின்லாந்து நாடுகளில் மிகவும் முற்றிய நிலையில் இருந்த 253 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு எனாலாபிரிலும் மற்றதற்கு வெறும் மாத்திரையும் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 100க்கு 44 பேர் இறந்தார்கள். மருந்து சாப்பிட்டவர்களில் 26 பேர். 1999ல் ஸ்பைரோனோலாக்டோனும் பைசோபிரோலாலும் தனித்தனிப் பரீட்சைகளில் சாவை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைத்தன. இரண்டு பரீட்சைகளையுமே பாதியில் நிறுத்தினார்கள். பலன் அவ்வளவு தெளிவாகத் தெரிந்த பிறகு மற்றப் பிரிவினருக்கு மருந்து கொடுக்காமல் வைத்திருப்பது தர்மமல்ல என்பதே காரணம்.

இன்று அமெரிக்க இருதய வைத்திய சங்கங்கள் 2022ல் வெளியிட்ட வழிகாட்டு நெறியும், ஐரோப்பிய சங்கம் 2021ல் வெளியிட்டதும் ஒரே குரலில் சொல்கின்றன: தடை ஏதும் இல்லாத நோயாளிக்கு நான்கு குடும்பங்களிலிருந்தும் மருந்து கொடு. 2023ல் ஐரோப்பிய சங்கம் இன்னொன்றும் சேர்த்தது. நோயாளி ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருக்கும்போதே தொடங்கு, வீட்டுக்குப் போன ஆறு வாரத்துக்குள் அளவை விரைவாக உயர்த்து, அந்த நாட்களில் அடிக்கடி வரவழைத்துப் பரிசோதி.

ஏன் இந்த அவசரம்? டிஸ்சார்ஜ் ஆன முதல் சில மாதங்கள்தான் மிக ஆபத்தான காலம். 2022ல் முடிவு வெளியான ஒரு பெரிய பரீட்சை இதைக் காட்டியது. 14 நாடுகள், 87 ஆஸ்பத்திரிகள், 1,078 நோயாளிகள். ஒரு பிரிவினருக்கு அந்தந்த ஊரில் வழக்கமான கவனிப்பு. மற்றப் பிரிவினருக்கு வீடு திரும்பும் முன்பே மருந்துகளைப் பாதி அளவில் தொடங்கி, இரண்டாம் வாரத்தில் முழு அளவுக்கு உயர்த்தி, 1, 2, 3, 6 ஆகிய வாரங்களில் வரவழைத்து, நாடி, ரத்த அழுத்தம், சிறுநீரகம், ரத்தத்தில் பொட்டாசியம் எல்லாம் பார்த்தார்கள். ஆறு மாதத்தில் வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களில் 100க்கு 23 பேர் இறந்தார்கள் அல்லது இதே வியாதிக்கு மீண்டும் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். மற்றப் பிரிவில் 15 பேர். சில்லறைத் தொல்லைகள் இரண்டாவது பிரிவில் அதிகம் வந்தன. கடுமையான கெடுதல்கள் இரண்டிலும் ஏறக்குறைய சமம்.

புது மருந்து ஒன்றும் அங்கே கொடுக்கவில்லை, தோழர்களே! எல்லாம் பழைய மாத்திரைகள். செய்தது என்ன? எழுதியிருந்ததைச் செய்தார்கள், அவ்வளவே. இன்னொரு எண்ணையும் கவனியுங்கள். மூன்று மாத முடிவில், தார்க்குச்சியைப் பிடுங்கும் மருந்தை முழு அளவில் சாப்பிட்டவர்கள் இந்தப் பிரிவில் 100க்கு 49 பேர். வழக்கமான கவனிப்பில் வெறும் 4 பேர். "வழக்கமான" என்ற சொல்லுக்குள் எவ்வளவு ஒளிந்துகொண்டிருக்கிறது!

நம் பக்கத்து நிலவரம்

பக்கத்து மாநிலத் தலைநகரான திருவனந்தபுரத்தில், 2013ல் 18 ஆஸ்பத்திரிகளில் இந்த வியாதிக்காகச் சேர்க்கப்பட்ட 1,205 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். சராசரி வயது 61. அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் இதே மாதிரிக் கணக்கில் வயது எழுபதைத் தாண்டுகிறது. நம்மவர்களுக்குப் பத்து வருஷம் முன்னாலேயே வந்துவிடுகிறது. அதாவது வீட்டுக்குச் சம்பாதித்துப் போடுகிற காலத்திலேயே. 100க்கு எட்டுப் பேருக்கு மேல் ஆஸ்பத்திரியிலேயே இறந்தார்கள். ஐந்து வருஷத்துக்குள் 59 பேர் போய்விட்டார்கள்.

டிஸ்சார்ஜுக்குப் பின் முதல் மூன்று மாதங்களில் யார் அதிகமாக இறந்தார்கள் என்றும் பார்த்தார்கள். வயது முதிர்ந்தவர்கள், பம்பு மிகவும் தளர்ந்தவர்கள், சிறுநீரகம் கெட்டவர்கள், இது எதிர்பார்த்ததுதான். அதே பட்டியலில் இன்னும் இரண்டு வகையினர் இருக்கிறார்கள்: படிப்புக் குறைந்தவர்கள், நெறிப்படி மருந்து கிடைக்காதவர்கள். படிப்பு இருதயத்தின் எந்த அறையில் இருக்கிறது? எக்கோவில் தெரியுமா? தெரியாது. ஆனாலும் அது ஆளைக் கொல்கிறது. சீட்டைப் படிக்க முடியாதவனுக்கு யாரும் படித்துச் சொல்வதில்லை. மறுபடி எப்போது வர வேண்டும் என்று கேட்கத் தெரியாதவனுக்கு யாரும் தேதி குறிப்பதில்லை.

பிறகு இந்தியா முழுவதும் 53 பெரிய ஆஸ்பத்திரிகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பதிவு செய்தார்கள். பம்பு தளர்ந்த வகையினரில் நெறிப்படியான மருந்து பெற்றவர்கள் ஏறக்குறைய பாதிப் பேர். இவை பெரிய ஆஸ்பத்திரிகள் என்பதை நினைவில் வையுங்கள்.

பணக்கார நாட்டில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறதோ? அதுவும் இல்லை. அமெரிக்காவில் 150 வைத்திய இடங்களில் 3,500 பேரைப் பார்த்த கணக்கு 2018ல் வந்தது. கொடுக்கத் தடையில்லாதவர்களிலேயே மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு ஸ்பைரோனோலாக்டோன் வகை எழுதப்படவில்லை. அன்றைய மூன்று வகைகளும் முழு அளவில் கிடைத்தவர்கள் 100க்கு ஒருவர்!

டாக்டர்களைத் திட்டினால் போதுமா?

இந்த இடத்தில் சில தோழர்களுக்குக் கோபம் வரும். வரட்டும். ஆனால் கோபம் சரியான இடத்தில் போய் விழ வேண்டும்.

டாக்டர் ஏன் எழுதுவதில்லை? பழைய பயம் ஒன்று. தார்க்குச்சியைப் பிடுங்கும் மருந்தைத் தளர்ந்த இருதயத்துக்குக் கொடுத்தால் ஆள் போய்விடுவான் என்று வெகுகாலம் வைத்தியப் புத்தகங்களே எச்சரித்தன. 1975ல் ஸ்வீடனில் வாக்ஸ்டைன் என்ற டாக்டரும் அவருடைய சகாக்களும் ஏழே ஏழு நோயாளிகளுக்குத் துணிந்து கொடுத்து, நன்மை கண்டதாக எழுதினார்கள். உலகம் நம்பவில்லை. பெரிய பரீட்சைகள் வந்து சந்தேகம் தீர 1999 ஆயிற்று. இந்தப் பயத்தில் நியாயமும் கொஞ்சம் உண்டு. நுரையீரலில் நீர் கோத்துத் திணறுகிற நேரத்தில் அந்த மருந்தை அதிக அளவில் தொடங்கினால் கெடுதல்தான். நீர் வடிந்த பிறகு, சிறு அளவில் தொடங்கி ஏற்ற வேண்டும். ரத்த அழுத்தம் மிகவும் இறங்கியவர், நாடி மெதுவாக ஓடுபவர், சிறுநீரகம் பழுதானவர், பொட்டாசியம் ஏறியவர், கர்ப்பிணிகள், இவர்களுக்குச் சில மருந்துகள் கூடாது. வழிகாட்டு நெறி டாக்டரின் புத்திக்குப் பதிலாக வந்ததல்ல. காரணத்தோடு ஒரு மருந்தை நிறுத்திவைப்பவர் நல்ல டாக்டர். காரணமே இல்லாமல் விட்டுப்போவதைத்தான் நாம் கேள்வி கேட்கிறோம்.

இன்னொரு காரணம், யாருடைய பொறுப்பு என்பதே தெரியாதது. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர், "அளவை உள்ளூர் டாக்டர் ஏற்றிக்கொள்வார்" என்று நினைக்கிறார். உள்ளூர் டாக்டர், "பெரிய டாக்டர் எழுதியதை நாம் எப்படி மாற்றுவது?" என்று தயங்குகிறார். இருவருக்கும் நடுவில் நோயாளி முதல் நாள் அளவிலேயே வருஷக்கணக்காக நிற்கிறான். மூன்றாவது காரணம் கூட்டம். காலையில் நூறு பேர் வரிசையில் நிற்கிற இடத்தில் ஒருவருக்கு எத்தனை நிமிஷம் கிடைக்கும்? முப்பது மணி நேரம் தூங்காமல் நிற்கிற பயிற்சி டாக்டரும் நம்மைப்போல் உழைப்பவர்தான்.

ஆகவே டாக்டர்களைக் கூட்டி வைத்துப் போதித்தால் சரியாகிவிடும் என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் 161 ஆஸ்பத்திரிகளில் அதையும் செய்து பார்த்தார்கள். டாக்டர்களுக்குப் பயிற்சி, அவர்கள் செய்தது சரியா என்று கணக்குக் காட்டுவது, யோசனை சொல்லும் நிபுணர்கள் எல்லாம் ஏற்பாடு செய்தார்கள். 2021ல் முடிவு வந்தது: சாவும் குறையவில்லை, மறு அனுமதியும் குறையவில்லை. முன்னே சொன்ன 14 நாட்டுப் பரீட்சையில் குறைந்தது. வித்தியாசம் எங்கே? அங்கே நோயாளிக்கு நான்கு தேதி குறித்தார்கள். அந்தத் தேதியில் டாக்டர் இருந்தார், ரத்தப் பரிசோதனை இருந்தது, மருந்து இருந்தது.

நம்மவருக்கு அந்த நான்கு தேதி என்றால் என்ன? நான்கு நாள் கூலி! நடவு நேரத்தில் ஒரு நாள் கூலியை விட்டு, பஸ் சார்ஜ் கொடுத்து, துணைக்கு ஒருவரையும் அழைத்துக்கொண்டு போக வேண்டும். போனால் "இந்த மருந்து ஸ்டாக் இல்லை, வெளியே வாங்கிக்கொள்" என்ற பதில். எந்த வழிகாட்டு நெறியும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. நாம்தான் போட வேண்டும்.

மருந்து விலையைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் மூன்று குடும்பங்களிலும் பழைய, மலிவான மாத்திரைகள் இருக்கின்றன. நான்காவதுதான் வெகுகாலம் எட்டாக் கனியாக இருந்தது. எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரை ஒன்று 60 ரூபாய் அளவில் விற்றது. 2025 மார்ச்சில் அதன் பேடண்ட் முடிந்ததும் நம் நாட்டுக் கம்பெனிகள் பல அதையே பத்து ரூபாய்க்கும் கீழே விற்கத் தொடங்கின. மாத்திரை அதே மாத்திரை. இனி "விலை அதிகம்" என்ற சாக்குச் செல்லாது. சர்க்கார் ஆஸ்பத்திரிகளின் ஸ்டாக்கில் நான்கும் எப்போதும் இருக்க வேண்டும் என்று கேட்கிறோம்.

மில் தோழர்களுக்கு இன்னொரு செய்தி. இ.எஸ்.ஐ.யில் நோய்க்கால உதவி வருஷத்துக்கு 91 நாள், சம்பளத்தில் 70 சதவீதம் என்பது எல்லோரும் அறிந்தது. நீண்டகால வியாதிகளுக்கென்று தனிப் பட்டியல் ஒன்றும் உண்டு. அதில் இருதயச் செயலிழப்பு இருக்கிறது. தொடர்ந்து இரண்டு வருஷம் வேலையில் இருந்தவருக்கு, 80 சதவீதம் என்ற கணக்கில், மருத்துவக் குழு அனுமதித்தால் இரண்டு வருஷம் வரை உதவி நீளலாம். எத்தனை பேர் கேட்டு வாங்கினோம்? பாதி மூச்சோடு மறுபடி ஷிப்டுக்கு ஓடியவர்கள்தான் அதிகம். விவசாயத் தொழிலாளிக்கு இதுவும் இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வந்தது. நல்ல காரியம். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய இருதய நோயாளியின் வாசலுக்கும் நர்ஸ் ஒருவர் வந்து, எடையும் அழுத்தமும் பார்த்து, ரத்தம் எடுத்துப் போனால் அந்த நான்கு நாள் கூலி மிஞ்சுமே!

இனி நம் வீட்டில் செய்ய வேண்டியது. டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் சீட்டை வாங்கிக்கொண்டு உடனே நகர்ந்துவிடாதீர்கள். மரியாதையாக, ஆனால் விடாமல் கேளுங்கள்: "டாக்டர், எக்கோவில் எண் எவ்வளவு? நான்கு வகை மருந்தில் எது எது எழுதியிருக்கிறீர்கள்? எழுதாதது எதனால்? அளவை யார், எப்போது ஏற்றுவார்கள்? அடுத்த தேதி என்ன?" பதிலைச் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். அவர் காரணம் சொன்னால் ஏற்றுக்கொள்ளுங்கள். நாங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு நீங்களாகக் கடையில் மாத்திரை வாங்கிப் போடாதீர்கள், அளவைக் கூட்டாதீர்கள். அது உயிருக்கே ஆபத்து.

சுகமாகிவிட்டது என்று மருந்தை நிறுத்தவும் வேண்டாம். 2018ல் முடிவு வெளியான ஒரு லண்டன் பரீட்சையில், இருதயம் நன்றாகத் தேறியிருந்த 51 பேரில் ஒரு பிரிவினருக்கு டாக்டர்களின் மேற்பார்வையிலேயே மெல்ல மெல்ல நிறுத்திப் பார்த்தார்கள். ஆறு மாதத்தில் அந்தப் பிரிவில் 25 பேரில் 11 பேருக்கு வியாதி திரும்பிவிட்டது. தொடர்ந்து சாப்பிட்டவர்களில் ஒருவருக்கும் திரும்பவில்லை.

உடம்பு வலிக்கென்று கடையில் வாங்கிப் போடுகிறோமே டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன், அவை இந்த நோயாளிக்கு விஷத்துக்குச் சமம். உப்பையும் நீரையும் பிடித்துவைக்கும். களை எடுத்துவிட்டு வந்து ராத்திரி ஊசி போட்டுக்கொள்கிற தாய்மார்கள், இருதய வியாதி இருக்கிறது என்பதை ஊசி போடுகிறவரிடம் முதலில் சொல்லுங்கள். ஊறுகாய், கருவாடு, அப்பளம் ஆகியவற்றின் உப்பும் கணக்கில் சேரும்.

தினமும் காலையில், வெளிக்குப் போய்விட்டு வந்து, கஞ்சி குடிக்கும் முன் எடை பாருங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதை அல்ல, நீர். வீக்கமும் திணறலும் வரும் வரை காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வீட்டில் மெஷின் இல்லாதவர்களுக்காகச் சங்க அலுவலகத்தில் ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம். காலை ஐந்தரை மணிக்கே கதவு திறந்திருக்கும். பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகமும் இருக்கும். எழுதத் தெரியாத தோழருக்கு எழுதிக் கொடுக்க வாலிபத் தோழர்கள் இரண்டு பேர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். டிஸ்சார்ஜ் சீட்டு கையில் உள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் இங்கேயே நில்லுங்கள். உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்கிறோம்.